கடைசி பெஞ்ச் பியூலா

வலிச்சா இடது கையத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திருவேன். தினமும் வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்லுததுதான், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. ஊசியத் தட்டுல வச்ச பொறவுதான் எனக்கே உறைச்சுது, யாரைப் பாத்துக் கையத் தூக்கச் சொல்லுதேன்னு. பியூலா மிஸ்ஸ. பிளஸ் ஒன்னுலயும் பிளஸ் டூவுலயும் எனக்கு பயாலஜி எடுத்த பியூலா மிஸ்ஸ. அம்மான்னு வேற கூப்பிட்டிருக்கேன், பேங்க்ல கூப்பிடுத மாதிரி. என் முகத்துல மாஸ்க், தலையில தொப்பி, அதுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது, அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் வாசல்ல குரல் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. "ஏம்மா, இங்க வரிசைல வரணுமா, இல்ல யாரு ஜாஸ்தி சத்தம் போடுதாவளோ அவங்களுக்கு மொதல்லயா?"ன்னு மாடத்தி அக்காட்ட கேக்காங்க. உள்ள ஒரு பையனுக்குப் பல்லு அடைச்சுக்கிட்டு இருந்தவ, என் முதுகு தன்னால நிமிந்துட்டு. முப்பது வருஷம் கழிச்சும் முதுகுக்குத் தெரியுது பாருங்க. மாடத்தி அக்கா என் கிளினிக்ல எல்லாமும் அவங்கதான், வர்றவங்க கதையப் பல்லுக்கு முன்னாலயே பிடுங்கிருவாங்க. வந்து காதுல சொன்னாங்க, டாக்டரம்மா, டீச்சரா இருந்தவங்களாம், வீட்ட வித்தாச்சாம், நாளை மறுநாள் பூனாவுக்கு மகன் வீட்டுக்கு ரயில் ஏறுதாங்களாம், இனி இந்தப் பக்கம் வர மாட்டாங்களாம், கடைவாய்ப்பல்லு ராத்திரியெல்லாம் தூங்க விடலயாம், பிடுங்கிக் குடுத்துருங்கங்காங்க. அப்ப இன்னைக்கு விட்டா கிடையாது. பல்லப் பிடுங்கி அனுப்பினா பூனா. நான் யாருன்னு சொல்லணும், நன்றின்னு ஒண்ணு சொல்லணும், ரெண்டும் இந்த மத்தியானத்துக்குள்ள.

மரப்பு ஏறட்டும்னு சொல்லிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து கை கழுவிக்கிட்டு நிக்கேன். கழுவுன கையத்தான் திரும்பவும் கழுவுதேன். கீழ பேக்கரில பன்னு வேகுற வாசனை மேல ஏறி வருது. கீழ அவன் பல்லக் கெடுக்கான், மேல நான் பிடுங்குதேன், ஒரே கட்டடக்காரர்ட்ட ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கோம். சொல்லிரலாம்லா? மாஸ்க்க இறக்கி, மிஸ், நான்தான்னு ஒரு வார்த்தை. அதுல என்ன இருக்கு? இருக்கு. நான்தான்னா யாருட்டின்னு கேப்பாங்க. சங்கரகோமதி மிஸ். எந்த சங்கரகோமதி? இந்த ஊர்ல தெருவுக்கு ரெண்டு கோமதி. எந்த வருஷம்னு கேப்பாங்க, எந்த பெஞ்சுன்னு கேப்பாங்க, பொறவு முகத்த அப்படி இப்படித் திருப்பிப் பாத்துட்டு, ஆமா ஆமா ஞாபகம் இருக்குன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானே அப்படி எத்தனை பேர்ட்ட சிரிச்சிருக்கேன், டாக்டர் நீங்கதான் எனக்கு வேர் சிகிச்சை பண்ணுனீங்கன்னு கல்யாண வீட்ல வந்து நிக்கிறவங்கட்ட. அவங்களுக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்குல. நான் என்ன, மொதல் மார்க்கா எடுத்தேன், ஓட்டத்துல கப்பு வாங்குனேனா, சுவர் ஏறிக் குதிச்சு மாட்டுனேனா? ஒண்ணுமில்ல. நாலாவது பெஞ்சுல சுவரோரமா ஒண்ணு இருந்துச்சு, வாயத் திறக்காது, அவ்வளவுதான். அந்த ஒண்ண யாரு ஞாபகம் வச்சுக்கிடுவா? ஞாபகம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அழுதிருவேன். அழுதுக்கிட்டே கடைவாய்ப்பல்லு பிடுங்க முடியாது. வேர் வேற ரெண்டும் வளைஞ்சிருக்கு, எக்ஸ்ரேல பாத்தேன். ஒடிஞ்சு உள்ள நின்னுட்டுன்னா? எம் மிஸ்ஸுக்கா நான் அதப் பண்ணணும்? மொதல்ல பல்லு, பொறவு பேச்சு. ஆனா பொறவு வாயில பஞ்சு, அவங்க பேச முடியாது. அட, அதுவும் நல்லதுதான், எந்த வருஷம்னு கேக்க முடியாதுல்லா. சவம், என்ன புத்தி எனக்கு.

எட்டிப் பாக்கேன். சாஞ்சு கிடக்காங்க. நாற்காலி நீளம், அவங்க குட்டை, கால் பாதி தூரத்துலயே நின்னுபோச்சு. செருப்பக் கழத்திக் கீழ ஜோடியா வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள வந்த மாதிரி. தலை முழுக்க வெள்ளை. சேலை மடிப்புல அதே மாதிரி ஊக்கு, ஊக்குல இன்னொரு ஊக்கு தொங்குது, யாருக்காவது அறுந்தா குடுக்கதுக்கு. அன்னைக்கு எங்க எத்தனை பேர் தாவணிய அந்த ஊக்கு காப்பாத்திருக்கு. கீழுதட்ட விரலால தட்டித் தட்டிப் பாக்காங்க, மரத்துருச்சான்னு. வாயில என்னட்டி, கொழுக்கட்டையா வச்சிருக்கன்னு எங்களக் கேட்ட வாய். என்னைத்தான் அதிகமாக் கேட்டது. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பேன், பதில் தெரியும், தொண்டைல வந்து நிக்கும், அதுக்கு மேல வராது. மத்த மிஸ்ஸுங்க உக்காருன்னுருவாங்க. இவங்க மட்டும் உக்காரச் சொல்ல மாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க. கைய இடுப்புல வச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி, பதிலுக்கு நிப்பாங்க. பஸ் வராது. வந்தா ஏறிக்கிடுதேன்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவாங்க, வகுப்பே சிரிக்கும், நானும் சிரிச்சிருவேன். திட்டியிருந்தா இன்னைக்கு நான் என்னவா இருப்பேனோ, யாரு கண்டா.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு நாங்க வச்ச பேரு மாத்து கிளாஸ். மிஸ் சாக்பீஸையும் டஸ்டரையும் ஒரு பிள்ளை கையில குடுத்துட்டு, நேரா கடைசி பெஞ்சுக்குப் போயி, ரெண்டு பேருக்கு நடுவுல இடிச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க. அங்க நிக்கிறவ டீச்சர், இங்க இருக்கிறவ பியூலா, இதுதான் சட்டம். மிஸ்ஸுன்னு கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாங்க. வாங்க போங்கன்னு பேசுனா காதே கேக்காது. பியூலா மாதிரி ஒரு மோசமான பிள்ளை எங்க பள்ளிக்கூடத்துலயே கிடையாது. பெஞ்சுக்கு அடியில உப்பு போட்ட நெல்லிக்காய் திங்கும். பக்கத்துல இருக்கிறவ சடையில பேப்பர சொருகும். டிபன் பாக்ஸ வேணும்னே கீழ தள்ளிவிட்டுட்டு, நான் இல்ல மிஸ்ஸுன்னு அடுத்தவளக் கை காட்டும். ஒருத்தி துணிஞ்சு, பியூலா, பெஞ்சு மேல ஏறி நில்லுட்டின்னுட்டா. ஏறி நின்னாங்க! சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, உம்முன்னு முகத்த வச்சுக்கிட்டு. அப்பப் பாத்து ஹெச்.எம். வராந்தால போறாங்க. எட்டிப் பாத்தாங்க, அப்படியே போயிட்டாங்க. அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு! அப்புறம் பியூலாவோட கை இருக்கே, அதுதான் பெரிய தொல்லை. டவுட்டு கேக்க இடது கையத் தூக்கும், முழங்கைய வலது கையால தாங்கிக்கிடும், கண்ண ஃபேன் பக்கமா உருட்டும், படிக்காத பிள்ளைங்க தூக்குமே அந்த மாதிரி. பேரச் சொல்லி, என்ன டவுட்டு பியூலான்னு கேக்குத வரைக்கும் கை இறங்காது.

என் முறை வந்த அன்னைக்கு மண்புழு. மூணு நாளா அதையே உருப்போட்டிருந்தேன், அதோட கண்டம் கண்டமான உடம்பு கனவுல எல்லாம் வந்துச்சு. மண்புழு எப்படி நகரும்னு மிஸ் ஆள்காட்டி விரல மேசை மேல மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி ஊர விட்டுக் காட்டுவாங்க, நானும் அதே மாதிரி காட்டுனேன், பிள்ளைங்க சிரிச்சாளுக, சிரிச்சதும் எனக்குக் குரல் வந்துட்டு. எனக்கே ஆச்சரியம். என் குரல் பின்சுவர் வரைக்கும் போயி முட்டித் திரும்பி வருது. ஒருத்தி கை தூக்குனா, பேரச் சொன்னேன், பதில் சொன்னேன். இன்னொருத்தி, அவளுக்கும் சொன்னேன். மூணாவதா கடைசி பெஞ்சுல ஒரு கை. முழங்கையத் தாங்கிக்கிட்டு, கண்ண உருட்டிக்கிட்டு. போச்சு. நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கிடுச்சு. எங்க வீட்ல பேரு சொல்லுததுன்னா கெட்ட வார்த்தை பேசுத மாதிரி. எங்க அம்மா எங்க அப்பா பேர இன்னைக்கு வரைக்கும் வாயால சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டா என்னை முன்னால தள்ளிவிடுவா, நீ சொல்லுட்டின்னு. தாத்தா பேரு சரவணன்கிறதால சரவணா ஸ்டோர்ஸையே எங்க அம்மா அந்தக் கடைன்னுதான் சொல்லுவா. அப்படிப்பட்ட வீட்ல பிறந்துட்டு, மிஸ்ஸ, எம் மிஸ்ஸ, பியூலான்னு கூப்பிடணுமாம். பி வரைக்கும் வந்துச்சு. உதடு ரெண்டும் ஒட்டுச்சு, பிரிய மாட்டேங்குது. பாக்காத மாதிரி போர்டுப் பக்கம் திரும்பிட்டேன். திரும்பிப் பாத்தா கை அப்படியே நிக்குது. பக்கத்துல இருக்கிறவ, கூப்பிடுட்டி, பாவம் கை வலிக்கும்லாங்கா. மணி அடிச்சாச்சு, பள்ளிக்கூடமே பைய எடுத்துக்கிட்டு ஓடுது, கை நிக்குது. கடைசில அவங்களே எந்திரிச்சு வந்து, என் கையில இருந்த சாக்பீஸ வாங்கிக்கிட்டு, நல்லா நடத்துனட்டி, என் டவுட்டு மட்டும் அப்படியே நிக்குது, நீ கூப்பிடும்போது கேட்டுக்கிடுதேன்னாங்க.

கூப்பிடவே இல்ல. ரெண்டு வருஷம் எத்தனையோ தடவை என் முறை வந்துச்சு, தவளைக்கு இதயம் எத்தனை அறை, பூவுக்கு சூல் எங்க, எல்லாம் நடத்துனேன், கணீர்னு நடத்துனேன், கடைசி பெஞ்சுப் பக்கம் மட்டும் கண்ணு போகாது. இந்த டீச்சருக்குத் தூரப்பார்வை இல்லை போலன்னு பியூலா சத்தமா முனகும். அவ்வளவு நடிப்பு எதுக்கு, அந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லையா? பாடத்த அவங்களே நடத்திட்டு, அக்கடான்னு வீட்டுக்குப் போயிருக்கலாம்லா. வீட்ல மாமியாருக்குப் பக்கவாதம், வீட்டுக்காரருக்கு மெட்ராஸ்ல வேலை, ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னு பொறவு எப்பவோ கேள்விப்பட்டேன். அத்தனையும் வச்சுக்கிட்டுத்தான் நெல்லிக்காய் தின்னு காட்டியிருக்காங்க. அந்தக் குரலத்தான் நான் இன்னும் வச்சுப் பிழைக்கேன். பல் மருத்துவக் கல்லூரி வாய்மொழித் தேர்வுல எதிர்ல மூணு பேரு, நடுவுல இருந்தவரு மீசையும் கண்ணாடியுமா, பாத்தாலே மூத்திரம் முட்டும். நான் என்ன செஞ்சேன்? இவர் கடைசி பெஞ்சு பியூலான்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். நெல்லிக்காய ஒளிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சேன். தொண்டை திறந்துட்டு. கிளினிக்குக்குக் கடன் கேட்டு மேனேஜர் முன்னால உக்காந்தப்பவும் பியூலாதான், கல்யாணத்துக்கு முன்னால மாமனார் வேலைக்குப் போகணுமாம்மான்னு இழுத்தப்பவும் பியூலாதான். மனசுக்குள்ள எத்தனை தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு, வாயால ஒரு தடவை கிடையாது. மத்தவங்களையும் சொல்லணும்லா. டிரில் மிஸ் ராஜகனி ரெண்டு கால்லயும் சமமா நில்லுட்டின்னு முட்டில தட்டிக்கிட்டே இருப்பாங்க, அதனாலதான் நாள் பூராம் நின்னும் எனக்கு இடுப்பு வலி இல்ல. தமிழ் மிஸ் வள்ளிமயில் எழுத்து சரியில்லன்னு பக்கம் பக்கமா எழுத வச்சாங்க. நான் மருந்து எழுதிக் குடுத்தா மெடிக்கல்ல இருக்கிற தம்பி எழுத்துக் கூட்டாம வாசிக்கான், இவங்க நெசமாவே டாக்டர்தானான்னு முதல்ல சந்தேகப்பட்டானாம். அவங்க ரெண்டு பேரும் போய்ச் சேந்தாச்சு. ராஜகனி மிஸ் காரியத்துக்குப் போக நினைச்சேன், போகல, அன்னைக்கும் யாருக்கோ பல்லு. மிச்சம் இருக்கிறது இந்த ஒருத்தங்க. நன்றி மிஸ்னா மேடையில பேசுத மாதிரி இருக்கும். தேங்க்ஸ் மிஸ்னா, டீ கொண்டாந்து வைக்கிற தம்பிக்குச் சொல்லுததுல்லா அது? கால்ல விழுந்தா, ஏட்டி மூதி, எந்திரி, செருப்பு கிடக்குன்னுவாங்க.

தடுப்புக்கு அங்கிட்டு மாடத்தி அக்காவும் அவங்களும் ஏதோ குசுகுசுன்னு பேசுதாங்க. மரத்த உதட்டோட மிஸ் ஏதோ கேக்காங்க, அக்கா ஏதோ சொல்லுதாங்க, ஒரு சிரிப்பு. பல்லு பிடுங்க வந்த இடத்துல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? கையுறைய மாட்டிக்கிட்டுப் போனேன். வாயத் திறங்கம்மா, நல்லா, இன்னும் நல்லா. அம்மாதான் வருது வாயில, கிளிப்பிள்ளை மாதிரி. அந்த வாய்க்குள்ள இப்பத்தான் மொதல் தடவை பாக்கேன். எங்க அத்தனை பேருக்கும் கத்திக் கத்தித் தேஞ்ச வாய். மேல ரெண்டு பல்லு முன்னாடியே இல்ல, இதுவும் போனா வலது பக்கம் மெல்ல ஒண்ணும் இருக்காது. ராஜகனி மிஸ், என் முட்டியத் தட்டுங்க. ரெண்டு கால்லயும் சமமா நின்னேன். இடுக்கியப் போட்டு மெதுவா இந்தப் பக்கம், மெதுவா அந்தப் பக்கம், அவசரப்படாதட்டி சங்கரகோமதி, இழுக்காத, அசைச்சுக் குடு, தானா வரும். அவங்க கண்ணு மேல விளக்கப் பாக்கல, என்னைப் பாக்குது. மாஸ்க்குக்கு மேல எந்த இடம் தெரியுதோ அந்த இடத்த. வேர்வை ஒண்ணு என் புருவத்துல நிக்குது. உள்ள ஒரு சத்தம், நெரிபடுத சத்தம், ஐயோ ஒடிஞ்சிட்டா, இல்ல, வருது, வருது, வந்துட்டு. ரெண்டு வேரும் முழுசா. மாதாவே, மாரியாத்தா, யாராயிருந்தாலும் சரி. பஞ்ச வச்சு, இத இறுக்கிக் கடிச்சுக்கிடுங்க, அரை மணி நேரம் பேசக் கூடாதும்மா, துப்பக் கூடாது, முடிஞ்சுதுன்னு சொன்னேன். இப்பச் சொல்லிரணும். இப்ப. செருப்ப மாட்டுததுக்குள்ள.

கை ஒண்ணு மேல வந்துச்சு. இடது கை. எல்லாம் முடிஞ்ச பொறவு எதுக்குக் கை? "வலிக்காம்மா?" தலை இல்லன்னு ஆடுது. "மயக்கமா வருதா?" இல்ல. "தண்ணி இப்பக் குடிக்கக் கூடாதே." இல்ல, இல்ல. கை இறங்கல. வலிக்கிறவங்க கை இப்படி இருக்காது, வெடுக்குன்னு வந்து என் மணிக்கட்டப் பிடிக்கும். இது நிதானமா நிக்குது. வலது கை வந்து முழங்கையத் தாங்கிக்கிடுச்சு. கண்ணு ரெண்டும் மெதுவா ஃபேன் பக்கமா உருண்டுச்சு. மாடத்தி அக்கா பின்னால நின்னுக்கிட்டு, "டாக்டரம்மா, நீங்க கை கழுவப் போனப்ப உங்க முழுப் பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்பப் பிடிச்சு இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல"ங்காங்க. எனக்கு விளங்கிட்டு. அந்த வகுப்புல எல்லாருந்தான் கூப்பிட்டாளுக, ஆசை தீரக் கூப்பிட்டாளுக. கூப்பிடாதவ ஒருத்திதான். மாஸ்க்க இறக்குனேன். அவங்க ஃபேனையே பாக்காங்க, இந்தக் கிழவிக்கு எவ்வளவு அழுத்தம், கைய இறக்க மாட்டாங்க. மணி அடிச்சாலும் இறக்க மாட்டாங்க, பூனா ரயில் போனாலும் இறக்க மாட்டாங்க. உதடு ஒட்டுச்சு. பி வரைக்கும் வந்துச்சு. கண்ணீர் மூக்கு வழியா இறங்கி வாயில கரிக்குது. என்னைப் பெத்த அம்மா, மன்னிச்சுக்கோம்மா, உன் பிள்ளை பேரு சொல்லப் போகுது.

"என்ன டவுட்டு... பியூலா?"

கை இறங்குச்சு. பஞ்சக் கடிச்ச வாய், மரத்த பாதி அப்படியே இருக்க, மரக்காத பாதி மட்டும் சிரிக்குது. விரல் ஒண்ணு கன்னத்துக்குப் போயி, பல்லு போன இடத்தத் தொட்டுக் காட்டுச்சு. பொறவு நாற்காலிக் கைப்பிடிக்கு வந்துச்சு. மடங்குச்சு, நீண்டுச்சு. மடங்குச்சு, நீண்டுச்சு. ஆள்காட்டி விரல் மெதுவா என் பக்கமா ஊர்ந்து வருது. மண்புழு. பல்லே இல்லாம அது எப்படித் திங்கும்னு கேக்காங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். மூக்கச் சட்டைக் கையில துடைச்சுக்கிட்டு, ரெண்டு கால்லயும் சமமா நின்னு, பின்சுவர் வரைக்கும் கேக்குத மாதிரிச் சொன்னேன்.

"நல்ல டவுட்டு, பியூலா. தொண்டையால மண்ண உறிஞ்சும், உள்ள அரைவைப்பை இருக்கு, அது போட்டு அரைச்சுக்கிடும். உனக்கு அது கிடையாது. நீ ரெண்டு நாளைக்குக் கஞ்சி குடி. ரயில்ல நெல்லிக்காய் திங்காத."

சரி மிஸ்னு பியூலா தலைய ஆட்டுனா.